செந்நாய்: 15 கிலோ உடம்பும் அதன் வாழ்க்கையும்

செந்நாயைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் அதன் வேட்டையைப் பற்றித்தான் கேள்விப்பட்டிருப்பார்கள். கூட்டமாக வரும், மானை உயிரோடு கிழித்துத் தின்னும், புலியே வழிவிட்டு ஒதுங்கும் என்று கதைகள் ஏராளம். அப்படிக் கேட்டு வளர்ந்த ஒருவர் முதுமலையிலோ பந்திப்பூரிலோ செந்நாயை முதன்முறை நேரில் பார்த்தால், "என்ன, இவ்வளவு சின்னதா இருக்கு?" என்றுதான் கேட்பார்.

ஆமாம், சின்னதுதான். நன்கு வளர்ந்த ஆண் செந்நாயின் எடை ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ. பெண் அதைவிடக் குறைவு, 10 முதல் 13 கிலோ வரை. சில பெண்கள் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். வீட்டுச் சமையல் சிலிண்டருக்குள் அடைத்திருக்கும் எரிவாயு மட்டும் 14.2 கிலோ. கிட்டத்தட்ட அவ்வளவுதான் இந்த வேட்டை விலங்கின் மொத்த எடையும்.

செந்நாயின் வாழ்க்கையில் நமக்கு விசித்திரமாகத் தெரிகிற பல விஷயங்கள் இந்த எடையோடு கட்டுண்டு கிடக்கின்றன என்று நான் நினைக்கிறேன். ஏன் கூட்டமாக வாழ்கிறது, ஏன் அவ்வளவு அவசரமாகத் தின்கிறது, ஏன் ஒரே ஈற்றில் எட்டு குட்டி போடுகிறது என்று எதைக் கேட்டாலும் பேச்சு உடம்பின் அளவுக்கே திரும்பி வரும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

உருவம்

நிற்கும்போது தோள் உயரம் சுமார் 50 சென்டிமீட்டர், அதாவது வளர்ந்த ஒரு மனிதரின் முழங்கால் அளவு. மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். வால் தனியாக 40 முதல் 45 சென்டிமீட்டர். உடம்பு துருப்பிடித்த இரும்பு போன்ற செம்பழுப்பு நிறம். தொண்டை, மார்பு, வயிறு வெளிறி இருக்கும். காதுகளின் நுனி வட்டமானது. வால் புசுபுசுவென்று இருக்கும், அதன் பின்பாதி கறுப்பு. தூரத்திலிருந்து பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவதே அந்தச் சிவப்பு உடம்பும் கறுப்பு வாலும்தான்.

நம் ஊர்களில் ஓநாய், நரி, செந்நாய் மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லும் பழக்கம் உண்டு. மூன்றும் நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் வாழும் இடமும் உடம்பும் வேறு வேறு. இந்திய ஓநாய் செந்நாயைவிட உயரமானது, கால் நீண்டது, சாம்பலும் மண் நிறமும் கலந்தது. வறண்ட புல்வெளி, ஆட்டு மந்தை மேயும் திறந்தவெளி, புதர்க்காடு இவைதான் அதன் இடம். நரி 8 முதல் 11 கிலோ. வயலோரம், குளக்கரை, ஊர் எல்லை வரை வந்துபோகும். குள்ளநரி இன்னும் சிறியது, 2 முதல் 4 கிலோதான். செந்நாய் காட்டு விலங்கு. மரங்களும் புதர்களும் மான்களும் இருக்கும் இடத்தில்தான் அதைப் பார்க்க முடியும். ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் செந்நாயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் ஓநாயாகவோ நரியாகவோ இருக்கும்.

செந்நாய்க்கு அறிவியலில் குவான் ஆல்பினஸ் என்று பெயர். 1811-இல் பீட்டர் சைமன் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் அதை விவரித்துப் பெயரிட்டார். குவான் என்ற அந்தப் பேரினத்தில் இன்று உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். வீட்டு நாயும் ஓநாயும் நரியும் வேறொரு பேரினத்தில் அடங்கும். ஆக, செந்நாய் என்பது காட்டுக்குள் ஓடிப்போன வீட்டு நாயும் அல்ல, ஓநாயின் சிவப்பு வகையும் அல்ல. நாய்க் குடும்பத்துக்குள் தனியாக நிற்கும் ஒரு கிளை.

வாயைத் திறந்து பார்த்தால்

வீட்டு நாய்க்கு 42 பல், செந்நாய்க்கு 40. குறைவது கீழ்த்தாடையில்தான். இரு பக்கமும் கடைசியில் இருக்க வேண்டிய கடைவாய்ப்பல் செந்நாய்க்கு இல்லை. இரண்டு பல் குறைந்தால் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். ஆனால் கடைவாய்ப்பல்லுக்கு ஒரு வேலை உண்டு: அரைப்பது. நரி நாவல்பழம் தின்னும், நண்டு தின்னும், எலி தின்னும், குப்பையும் கிளறும். அதற்கு அரைக்கும் பல் தேவை. செந்நாய் அந்த வழியிலிருந்து விலகிவிட்டது. அதன் முகவாய் குட்டையானது, தாடை வலுவானது. இறைச்சியை வெட்டும் பெரிய பல்லின் பின்பகுதியும் அரைப்பதற்கான குழியாக இல்லாமல் கத்திமுனைபோல் ஒரே மேடாக அமைந்திருக்கிறது. இறைச்சியை வெட்டி விழுங்கச் செய்த வாய் அது. எப்போதாவது புல்லையோ பழத்தையோ கடிப்பது உண்டு என்றாலும் அதன் பிழைப்பு இறைச்சியில்தான்.

உடம்பின் கணக்கு இங்கேதான் முக்கியமாகிறது. ஊன் உண்ணிகளில் பொதுவாக ஒரு போக்கு உண்டு. 20 கிலோவுக்குக் கீழே உள்ளவை எலி, முயல், பறவை, பூச்சி என்று சின்னச் சின்ன இரைகளால் வயிற்றை நிரப்பிக்கொள்ளும். அதற்கு மேலே போனால் அந்தச் சில்லறை இரை கட்டுப்படியாகாது. தன் அளவுக்கோ தன்னைவிடப் பெரிதாகவோ இருக்கும் விலங்கைப் பிடித்தாக வேண்டும். செந்நாய் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்துகொண்டே மேலே உள்ளவர்களின் வேட்டையைச் செய்கிறது. 50 கிலோ புள்ளிமானையும் 100 கிலோவுக்கு மேற்பட்ட கடமானையும் சாய்க்கிறது. ஒற்றைச் செந்நாய் முயலையோ மான்குட்டியையோ பிடித்துவிடும். ஆனால் அதைவிடப் பெரிய இரைக்குத் துணை வேண்டும். கூட்டம் அதனால்தான்.

நாங்குநேரிக்காரரின் பந்திப்பூர்

செந்நாயைப் பற்றி நமக்கு இன்று நம்பகமாகத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு ஒரு தமிழரின் உழைப்பு. திருநெல்வேலிச் சீமையில் நாங்குநேரியைச் சேர்ந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூர் காட்டில் செந்நாய்களின் பின்னாலேயே அலைந்து ஆய்வு செய்தார். அதுவரை இந்த விலங்கைப் பற்றி இருந்தவை பெரும்பாலும் வேட்டைக்காரர்களின் நினைவுக்குறிப்புகள். சுதந்திரமாகத் திரியும் செந்நாய்க் கூட்டத்தை நாள்தோறும் கவனித்து, எதைத் தின்கிறது, எப்படிக் குட்டி வளர்க்கிறது என்று ஒழுங்காகப் பதிவுசெய்தது அவர்தான். 2024-இல் மறைந்தார். காட்டுயிர் ஆய்வு என்றாலே வெளிநாட்டுக்காரர்களின் வேலை என்றிருந்த காலத்தில் அவர் அதைச் செய்தார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அவர் பார்த்த கூட்டத்தில் பெரியவை சராசரியாக எட்டு. பொதுவாக ஒரு கூட்டத்தில் 5 முதல் 12 வரை இருக்கும். குட்டிகள் சேர்ந்துவிட்டால் 20-ஐத் தாண்டுவதும் உண்டு.

வேட்டையைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்போம். செந்நாய் பகல் விலங்கு. அதிகாலையிலும் மாலையிலும்தான் அதிகம் கிளம்பும். புறப்படும் முன் கூட்டம் முழுக்க ஒன்றை ஒன்று முகர்ந்து, முகத்தோடு முகம் உரசி, துரத்தி விளையாடும். பிறகு வரிசையாகக் காட்டுப்பாதையில் நடக்கத் தொடங்கும். உன்னிப்புதர் அடர்ந்த இடம் வந்தால் சில உள்ளே நுழையும், சில வெளி ஓரத்தில் நின்றுகொள்ளும். உள்ளே போனவை கிளப்பிவிடும் மான், வெளியே நிற்பவற்றின் எதிரில் வந்து விழும். ஓட்டம் நீண்டதாக இருக்கும் என்று நாம் நினைப்போம். ஆனால் பெரும்பாலும் 500 மீட்டருக்குள் முடிந்துவிடும். கடமான் தண்ணீரைத் தேடி ஓடும். கால் எட்டும் ஆழத்தில் நின்றுகொண்டு முன்காலால் உதைக்கும். செந்நாய்களும் தயங்காமல் தண்ணீரில் இறங்கும், அல்லது கரையில் உட்கார்ந்து காத்திருக்கும்.

பிடிபட்ட பிறகு நடப்பதுதான் பார்ப்பவர்களைப் பதறவைக்கும். புலியும் சிறுத்தையும் தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்தும். 15 கிலோ விலங்கால் 60 கிலோ மானின் தொண்டையைக் கவ்வி அமுக்கி வைத்திருக்க முடியாது. அதனால் ஒன்று மூக்கைப் பிடித்து இழுக்கும், மற்றவை பின்தொடையையும் வயிற்றையும் கிழிக்கும். ரத்தம் போயும் அதிர்ச்சியாலும் இரை சில நிமிடங்களில் இறந்துபோகும். தின்பது அதற்கு முன்பே தொடங்கியிருக்கும். "கொடூரமான மிருகம்" என்ற பெயர் செந்நாய்க்கு வந்தது இதனால்தான். அந்தப் பெயரை நான் ஏற்பதில்லை. சிறிய தாடையால் பெரிய இரையை வீழ்த்த அதற்கு இருப்பது இந்த ஒரு வழிதான்.

அப்புறம், தின்னும் வேகம். புள்ளிமான் ஒன்றைக் கூட்டம் சீக்கிரமே முடித்துவிடும். ஏன் இந்த அவசரம்? மானின் கடைசிக் குரலும் காகங்களின் கூச்சலும் காடு முழுவதும் செய்தி பரப்பிவிடும். புலி வரலாம், சிறுத்தை வரலாம், காட்டுப்பன்றி வரலாம். 15 கிலோ விலங்கால் யாரிடமிருந்தும் இரையைக் காத்து வைத்துக்கொள்ள முடியாது; அதற்குப் பத்திரமான ஒரே இடம் தன் வயிறுதான். நீலகிரிக் காடுகளில் பழங்குடி மக்கள் செந்நாய்களை விலக்கிவிட்டு அவை கொன்ற மானின் இறைச்சியை எடுத்துக்கொள்ளும் பழக்கமும் இருந்திருக்கிறது. மனிதர் நெருங்கினால் செந்நாய்கள் எதிர்க்காமல் விலகிப்போவதால்தான் அது முடிந்தது.

சீழ்க்கை

ஓநாய் ஊளையிடும், நாய் குரைக்கும். செந்நாய் சீழ்க்கை அடிக்கும். துரத்தலின்போது கூட்டம் சிதறிவிட்டால், புதர் மறைக்கும் காட்டில் ஒன்றுக்கொன்று கண்ணில் படாது. அப்போது திரும்பத் திரும்ப ஒரே மாதிரி எழும் மெல்லிய சீழ்க்கை அவற்றை மறுபடி ஒரே இடத்தில் சேர்க்கும். காலியான தோட்டா உறையின் வாயில் ஊதினால் ஏறத்தாழ அதே ஒலி கிடைக்கும் என்று முன்பு கண்டிருக்கிறார்கள். இதைத் தவிர கீச்சிடுவதும் வீறிடுவதும் கொக்கரிப்பதும் உண்டு. நம் தெருநாய் போல விடாமல் குரைக்கும் வழக்கம் மட்டும் இல்லை.

இன்னொரு செய்திப் பலகையும் அவற்றுக்கு உண்டு: எச்சம். கூட்டம் முழுவதும் ஒரே இடத்தில், பெரும்பாலும் காட்டுப்பாதைகள் சந்திக்கும் முனையில், எச்சமிடும். அங்கே வரும் வேறு கூட்டத்துக்கு இது யாருடைய இடம் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். ஒரு கூட்டத்தின் எல்லை, இரை எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சுமார் 40 சதுர கிலோமீட்டரிலிருந்து 80-க்கு மேலும் போகலாம்.

குட்டிகள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வேட்டையை மட்டும் பார்த்துவிட்டுச் செந்நாயை வெறுப்பவர்கள் அதன் வளை அருகே நடப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கூட்டத்தில் பொதுவாக ஆண்கள் அதிகம், பெண்கள் குறைவு. பெண்கள் வளர்ந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறுவது இதற்கு ஒரு காரணம். இருக்கும் பெண்களிலும் வழக்கமாக ஒன்றுதான் குட்டி போடும். தென்னிந்தியக் காடுகளில் அக்டோபர் முதல் ஜனவரி வரை இணைசேரும் காலம். கர்ப்பம் 60 முதல் 63 நாள். டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் குட்டிகள் பிறந்துவிடும். ஒரு ஈற்றில் சராசரியாக எட்டு, சில சமயம் 12 வரை. வீட்டு நாய்க்குப் பொதுவாக 10 வரை பால்காம்பு இருக்கும். செந்நாய்க்கு 12-க்கு மேல், 16 வரை. குட்டி அதிகம், காம்பும் அதிகம்.

முள்ளம்பன்றி தோண்டிவிட்டுப் போன வளையையோ, ஓடைக்கரையில் பாறை இடுக்கையோ தாய் தேர்ந்தெடுக்கும். பிறக்கும் குட்டி 200 முதல் 350 கிராம். நிறம் சிவப்பே இல்லை, கரி கலந்த பழுப்பு. மூன்று மாதம் ஆகும்போதுதான் பெரியவர்களின் நிறம் வரும். தொடக்கத்தில் தாய் வளையை விட்டு அதிகம் நகராது. மற்றவை வேட்டைக்குப் போய், வயிறு நிறையத் தின்றுவிட்டுத் திரும்பி வரும். குட்டிகள் அவற்றின் வாயோரத்தை முட்டி முட்டிக் கேட்கும். வந்தவை விழுங்கிய இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும்; குட்டிகளுக்கும், காவலிருக்கும் தாய்க்கும். கொடுப்பது தகப்பன் மட்டும் இல்லை. கூட்டத்தின் எல்லாப் பெரியவர்களும், போன வருடக் குட்டிகளும்கூட கொடுப்பார்கள். மற்றவை வேட்டைக்குப் போன நேரத்தில் ஒன்றிரண்டு வளை வாசலிலேயே காவலுக்கு இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள ஒரு தாயால் எட்டுக் குட்டிகளைத் தனியாக வளர்க்கவே முடியாது. கூட்டம் இருப்பதால்தான் அத்தனை குட்டி போட முடிகிறது. அத்தனை குட்டி பிறப்பதால்தான் கூட்டமும் குறையாமல் இருக்கிறது.

70, 80 நாளில் குட்டிகள் வளையை விட்டுக் கிளம்பும். ஆறு, ஏழு மாதத்தில் வேட்டைக்குப் பின்னால் ஓடிவரத் தொடங்கும். இரை விழுந்ததும் பெரியவை விலகி நின்று குட்டிகளைத்தான் முதலில் தின்னவிடும். சிங்கக் கூட்டத்தில் பெரியவை தின்ற மிச்சம்தான் குட்டிக்கு. செந்நாய்களிடையே இரையைச் சுற்றிச் சண்டை மிகக் குறைவு; முண்டியடிக்குமே தவிர, ஒன்றை ஒன்று கடித்துக் குதறிக்கொள்வது அரிது.

ஒரு வயதில் குட்டி பருவத்துக்கு வந்துவிடும். காட்டில் பத்து வயதை எட்டுவதே பெரிய காரியம். காப்பகங்களில் 16 வயது வரை வாழ்ந்திருக்கின்றன.

புலியோடு எப்படி?

கூட்டம் சேர்ந்தால் புலியையே விரட்டும் என்பது முழுப் பொய் இல்லை. ஆனால் அது வழக்கமும் இல்லை. தனியாக மாட்டும் செந்நாயைப் புலி ஒரே அறையில் கொன்றுவிடும். சிறுத்தை விஷயம் வேறு. கூட்டத்தைப் பார்த்தால் மரமேறிவிடும். பெரும்பாலான நாட்களில் மூன்றும் ஒன்றுக்கொன்று வழிவிட்டே வாழ்கின்றன. கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் காரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் செய்து 1995-இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டுகிறது. புலி கொல்லும் இரையின் சராசரி எடை சுமார் 91 கிலோ. சிறுத்தையின் இரை சுமார் 38 கிலோ, செந்நாயின் இரை சுமார் 43 கிலோ. புலிக்குப் பெரியது, மற்ற இரண்டுக்கும் நடுத்தரமும் சிறியதும். அதிலும் செந்நாய் பகலை எடுத்துக்கொண்டது. இரை போதுமான அளவு இருக்கும் காட்டில் மூவருக்கும் இடமிருக்கிறது. இரை குறையும்போதுதான் சிக்கல்.

மனிதரைச் செந்நாய் தாக்குமா என்றால், காட்டோரம் வாழ்பவர்களுக்கு இதில் பயம் வேண்டாம். சீண்டாதபோது மனிதரை இரையாக நினைத்துத் தாக்கும் பழக்கம் அதற்கு இல்லை. காட்டுக்குள் மேய விட்ட ஆட்டையோ கன்றையோ சில இடங்களில் பிடிப்பது உண்டு. அந்தக் கோபத்தில் இறந்த மாட்டில் விஷம் வைக்கிறார்கள். கூட்டமாகத் தின்னும் விலங்கு என்பதால் ஒரு சடலத்தில் வைத்த விஷம் ஒரு கூட்டத்தையே அழித்துவிடும்.

எஞ்சியிருப்பவை

பழைய பனிக்காலத்தில் செந்நாய் ஐரோப்பா வரை பரவியிருந்தது. பின்னர் ஆசியாவில் மட்டும் நின்றது. இன்று இந்தியா, நேபாளம், பூட்டான், மியான்மர், தாய்லாந்து, மலேசியா, இந்தோனேசியாவின் ஜாவா, சுமத்ரா போன்ற இடங்களில் துண்டு துண்டாக எஞ்சியிருக்கிறது. இலங்கைக் காடுகளில் இப்போது இல்லை. தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை, களக்காடு முண்டந்துறை ஆகிய காடுகளில் வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைதான் அதற்கு உலகில் மிச்சமிருக்கும் நல்ல புகலிடங்களில் ஒன்று.

வெள்ளைக்காரர் காலத்தில் மான் வேட்டைக்குப் போட்டி என்று சொல்லி, செந்நாயைக் கொன்று கொண்டுவந்தால் பரிசுப் பணம் கொடுத்தார்கள். சுட்டும், விஷம் வைத்தும், வளைக்குள் குட்டிகளைக் கொன்றும் ஆயிரக்கணக்கில் அழித்தார்கள். நாடு சுதந்திரமடைந்த பிறகும் அந்த மனப்பான்மை மாறவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அதற்குப் பாதுகாப்பு கிடைத்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இன்று அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக வைத்திருக்கிறது. அதன் மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதும் இனப்பெருக்கம் செய்யக்கூடிய செந்நாய்கள் 949 முதல் 2,215 வரைதான். இந்தக் கணக்கைப் பலர் அறியவில்லை. புலிக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்காவது இதற்குக் கிடைக்க வேண்டும்.

எண்ணுவதே கடினம் என்பது இன்னொரு பிரச்சினை. ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு, கேமராப் படத்தை வைத்து அடையாளம் காணலாம். செந்நாய்கள் எல்லாம் ஒரே சிவப்பு. அதனால் வயநாட்டில் ஆய்வாளர்கள் அவற்றின் எச்சத்தைச் சேகரித்து, அதிலுள்ள மரபணுவை வைத்து ஒவ்வொன்றையும் பிரித்தறிந்து தொகையை மதிப்பிட்டார்கள். அந்தப் பொது எச்ச இடங்கள் இப்படியும் உதவுகின்றன.

துப்பாக்கி போன பிறகு வந்திருக்கும் ஆபத்து நோய். வெறிநோயும் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர், பார்வோ காய்ச்சல்களும் காட்டோர ஊர் நாய்களிடமிருந்து செந்நாய்க்குத் தொற்றக்கூடியவை. முகத்தோடு முகம் உரசி, கக்கிய இறைச்சியைப் பங்கிட்டு வாழும் கூட்டத்தில் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். காட்டை ஒட்டிய ஊர்களில் நாய் வளர்ப்பவர்கள் அதற்குத் தடுப்பூசி போடுவதும், அதைக் காட்டுக்குள் திரியவிடாமல் வைத்துக்கொள்வதும் செந்நாய்க்குச் செய்யும் பெரிய உதவி.

முதுமலை வழியாக மைசூர் போகிறவர்களுக்கும் ஒன்று. சாலையோரம் செந்நாய்கள் மானைத் தின்றுகொண்டிருந்தால் வண்டியை அருகில் நிறுத்தாதீர்கள், இறங்காதீர்கள். ஆள் கூட்டம் சேர்ந்தால் அவை இரையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். வளையில் குட்டிகள் காத்திருக்கும் மாதங்களில் அந்த ஒரு வேளை உணவு எத்தனை வயிற்றுக்கானது என்று பார்த்தோம். நேரம், இடம், எத்தனை இருந்தன என்பதைக் குறித்துக்கொண்டு அடுத்து வரும் வனத்துறைச் சோதனைச்சாவடியில் சொல்லிவிட்டுப் போனால் போதும்.